கத்துகிற காரும் கலியன் மாமாவின் தூக்கமும்

மாஹிராவின் வீட்டுக் காருக்கு வாய் ரொம்ப நீளம்.

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் குடியிருந்த தெருவில் மொத்தம் எட்டு வீடுகள். எட்டு வீட்டுக்காரர்களுக்கும் அந்தக் காரின் குரல் மனப்பாடம். கதவைத் திறந்ததுமே “உய்ய்ங்... உய்ய்ங்...” என்று ஆரம்பிக்கும். முழுசாக முப்பது விநாடி கத்தித் தீர்த்த பிறகுதான் ஓயும்.

பத்து நாளைக்கு முன்புவரை அது இப்படி இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் காராகத்தான் இருந்தது.

மாஹிராவின் வாப்பா ஷேக் தாவூத் பழவேற்காட்டுக்காரர். சிப்காட்டில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குக் கையுறை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வியாபாரம். அதற்காகப் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதை முன்பு வைத்திருந்தவர் திருட்டுக்குப் பயந்தவர்போல. அலாரம் மாட்டி வைத்திருந்தார். சாவியை எடுத்துக் கதவை மூடினால், அலாரம் தானாகவே காவலுக்கு நின்றுவிடும். ரிமோட்டை அழுத்திவிட்டுத் திறந்தால் சும்மா இருக்கும். வெறும் சாவியைப் போட்டுத் திறந்தால், சொந்தக்காரரையே திருடன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

அந்த ரிமோட்டின் கதையை முடித்தது மாஹிராதான். காரிலிருந்து வாப்பாவின் கண்ணாடியை எடுத்து வரப் போனவள், ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறந்துவிட்டாள். சட்டை சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போனது. கூடவே ரிமோட்டும் போனது. ஒரு மத்தியானம் முழுக்க இரண்டும் சேர்ந்து ஊறின.

உம்மா ஜாஹிதா அதை மொட்டை மாடியில் வடகத்தோடு இரண்டு நாள் காய வைத்தாள். கத்திரி வெயிலில் வடகம் நன்றாகக் காய்ந்தது. ரிமோட் பிழைக்கவில்லை.

“போவுது வுடு, வேற வாங்கிக்கலாம்” என்று வாப்பா சொல்லிவிட்டார். அலாரம் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று எலெக்ட்ரீஷியன் சடையப்பனைக் கேட்டதற்கு, “புடுங்குனா வண்டியே ஸ்டார்ட் ஆவாது சார்” என்றார் அவர். ஆகவே கார் தினமும் காலை, மத்தியானம், மாலை என்று வேளை தவறாமல் கத்தியது.

கலியன் மாமா மட்டும் பக்கத்து வீட்டில் இல்லாமலிருந்தால், இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

கலியன் மாமாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. இரவு எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார். ஊருக்கெல்லாம் விடியும்போது அவருக்கு இருட்டும். வந்து, குளித்து, நாஷ்டா சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுப்பார். ஒன்பதரைக்கு வாப்பா காரை எடுப்பார். உய்ய்ங். மறுபடியும் கண் அசந்தால் இரண்டரைக்கு ஒரு உய்ய்ங். மாலை ஐந்தரைக்கு இன்னொன்று.

அவர் ஒரு நாளும் சண்டைக்கு வரவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். “பஞ்சைத் தாண்டிக்கினு வருது பாப்பா. பரவால்ல, நல்ல குரலு” என்று மாஹிராவிடம் சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூட மாஹிராவுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பதினோராவது நாள் காலையில் கலியன் மாமா வேலை முடிந்து வந்தபோது, வலது கையில் வெள்ளைத் துணிக் கட்டு இருந்தது. அவருடைய மனைவி செல்வி வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் மதில் ஓரமாக நின்று உம்மாவிடம் சொன்னாள்.

“நின்னுக்கினே கண்ண மூடிட்டாரு ஜாஹிதா. பக்கத்துலயே சூட்டுக் கம்பி ஓடிக்கினு கீது. கையுறை போட்டிருந்தங்காட்டி தோலோட போச்சு. இன்னொரு தபா அப்டித் தூங்குனா இன்னா ஆவும் சொல்லு.”

“இன்னிக்கும் போறாரா?” என்றாள் உம்மா.

“போய்த்தான் ஆவணுமாம்.”

மாஹிரா கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தாள். என்னால்தான், என்று நினைத்தாள். இன்று மத்தியானம் மாமா தூங்கியே ஆக வேண்டும். அதை யார் பார்த்துக்கொள்வது? நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், முடிவு எடுத்தாகிவிட்டது. மாஹிரா முடிவெடுத்துவிட்டால் அதன்பிறகு கவலைப்பட அவளுக்கு நேரம் இருக்காது.

முந்தின நாள்தான் வாப்பா சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் அதே மாதிரி புது ரிமோட் ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஆனால் புது ரிமோட்டைக் காருக்கு அடையாளம் தெரியாதே. அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டிய சடையப்பன், தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டார். வர ஐந்து நாள் ஆகும்.

ரிமோட்டோடு வந்த காகிதத்தை மாஹிரா விரித்தாள். எறும்பு அளவு எழுத்தில் ஆங்கிலம். பெரிய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசித்தாள். வாசித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உம்மா, இதுக்கு எலெக்ட்ரீஷியனே வேணாம். ஊட்லயே பண்ணிக்கலாம்னு போட்டுக்கீது.”

ஒன்றரை மணிக்குக் கார் வாசலில் வந்து நின்றது. வாப்பா இறங்குவதற்குள் மாஹிரா வெயிலில் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

“வாப்பா, சாவிய எடுக்காதீங்க. எறங்காதீங்க.”

“ஏன், சீட்டுல பாம்பு கீதா?”

“சாவிய எடுத்துட்டு எறங்கினா காவலுக்கு நின்னுடும். மறுபடி ஏறும்போது கத்தும். கலியன் மாமா தூங்கறாரு. எறங்கறதுக்குள்ள புது ரிமோட்ட இதுக்குப் பழக்கிடலாம்.”

வாப்பா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மூடிய திரைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கையில் கட்டோடு மாமா வந்த சேதி அவருக்கும் தெரியும். மறுபேச்சு பேசாமல், “ஏறு” என்றார்.

மாஹிரா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின் சீட்டில் கையுறைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவள் காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். “எல்லாக் கதவும் மூடியிருக்கணும். பத்து செகண்டுக்குள்ள சாவிய அஞ்சு தபா ஆன், ஆஃப் பண்ணணும். கடைசியில ஆன்ல நிறுத்தணும். அப்போ கதவுப் பூட்டெல்லாம் தானா டக் டக்னு அடிக்கும். அப்டீன்னா கார் காது குடுத்துக் கேக்குதுன்னு அர்த்தம். ஒடனே ரிமோட்ட அழுத்தணும்.”

“இவ்ளோதானா? இருவத்திரெண்டு வருஷமா டீசல் வண்டி ஓட்டறேன். எனக்கே சாவி திருப்பக் கத்துக்குடுக்கிறியா?” வாப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை திருப்பும்போது பின் கதவு திறந்தது. உம்மா இரண்டு டம்ளர் மோரோடு நின்றிருந்தாள்.

“கதவ மூடு உம்மா” என்று மாஹிரா கிசுகிசுத்தாள்.

“வெயில்ல ஒக்காந்திருக்கீங்களேன்னு கொணாந்தா, ரொம்பத்தான்” என்று உம்மா கதவை மெல்லச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக மோரை நீட்டினாள். அங்கேயே நின்று வேடிக்கையும் பார்த்தாள்.

இரண்டாம் முறை யாரும் கதவைத் திறக்கவில்லை. வாப்பா ஐந்து தடவை திருப்பினார். பூட்டு அசையவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. வாப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ரிமோட் டுபாக்கூரு. நாளைக்கே போய்த் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன்” என்றார்.

“இன்னொரு தபா வாப்பா. நான் எண்ணறேன்.”

வாப்பா திருப்பினார். மாஹிரா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். ஐந்து முறை முடிந்தபோது இருபத்தெட்டு விநாடி ஆகியிருந்தது.

“இருபத்தெட்டா? நான் வேகமாத்தான திருப்பறேன்?”

அதுதான் மாஹிராவுக்கும் புரியவில்லை. அடுத்த முறை அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் வாப்பாவின் கையையே பார்த்தாள். கை வேகமாகத்தான் சாவியை ஆன் செய்தது. பிறகு அப்படியே நின்றது. வாப்பாவின் கண், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்த ஓர் ஆரஞ்சு விளக்கின் மேல் இருந்தது. சுருள் மாதிரி படம் போட்ட சின்ன விளக்கு. அது அணைந்ததும் கை மறுபடி நகர்ந்தது.

“வாப்பா, அந்த வெளக்கு எதுக்கு?”

“அது ஹீட்டர் வெளக்கு. டீசல் இஞ்சினுக்கு மொதல்ல உள்ள சூடு ஏறணும். அது அணைஞ்ச பொறவுதான் ஸ்டார்ட் பண்ணணும். எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்த லாரி டிரைவர் அருணாச்சலம், அது அணையறதுக்கு முந்தி சாவியத் தொட்டா கையிலயே போடுவாரு.”

“நாம ஸ்டார்ட் பண்ணப் போறதில்லையே வாப்பா.”

வாப்பா திகைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். “ஆமால்ல. நாந்தான் நின்னுக்கினு கீறேன்.”

காரணம் தெரிந்துவிட்டது. காரியம் மட்டும் ஆகவில்லை. அடுத்த முறையும் விளக்கு எரிந்ததும் வாப்பாவின் கை பாதியில் நின்றுவிட்டது. “மனசு போன்னுது, கை கேக்க மாட்டேங்குது” என்றார் பாவமாக. மாஹிரா தானே திருப்பிப் பார்த்தாள். அந்தப் பழைய பூட்டில் சாவி இறுக்கமாக இருந்தது. ஒரு முறை திருப்புவதற்குள் அவள் விரல் சிவந்துவிட்டது. வாப்பாவின் கைதான் வேண்டும். ஆனால் அந்தக் கையோ விளக்கின் பேச்சைத்தான் கேட்கும்.

மாஹிரா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கையுறைப் பெட்டி ஒவ்வொன்றிலும் அளவு காட்டும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எட்டிக் கையை நீட்டி, ஒரு ஸ்டிக்கரை ஓரம் கிழியாமல் உரித்தாள். அதை அந்த ஆரஞ்சு விளக்கின் மேல் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினாள்.

“இப்போ திருப்புங்க.”

சாவி போனது, வந்தது, போனது, வந்தது. பார்ப்பதற்கு விளக்கு இல்லாததால் வாப்பாவின் கை எங்கும் நிற்கவில்லை. மாஹிரா ஏழு எண்ணுவதற்குள் ஐந்தும் முடிந்துவிட்டது.

டக் டக்.

நான்கு கதவுகளின் பூட்டுகளும் தானாக இறங்கி ஏறின. மாஹிரா ரிமோட்டின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். மூன்று விநாடி. மறுபடியும் டக் டக்.

“பழகிடுச்சு” என்றாள் மாஹிரா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஸ்டிக்கரை உரித்துவிட்டு இருவரும் இறங்கினார்கள். கதவை மூடிக் காத்திருந்தார்கள். அலாரம் காவலுக்கு நின்றது. உம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மாஹிரா ரிமோட்டை அழுத்த, வாப்பா கதவை இழுத்தார்.

சத்தமே இல்லை. அதாவது, கார் சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து குறட்டைச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அவ்வளவு இனிமையான குறட்டையை மாஹிரா அதுவரை கேட்டதே இல்லை.

“சோறு ஆறிப்போய் ஒரு மணி நேரம் ஆவுது” என்றாள் உம்மா.

அன்று மாலை ஐந்தரைக்கு வாப்பா சத்தமில்லாமல் காரை எடுத்துப் போனார். ஆறரைக்குச் சத்தமில்லாமல் திரும்பி வந்தார். மாஹிரா வாசல் படியில் உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் வைத்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

பக்கத்து வீட்டில் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. விளக்கும் எரியவில்லை. கலியன் மாமாவை ஏற்றிக்கொள்ளும் கம்பெனி வேன் ஏழு மணிக்கு வந்துவிடுமே. செல்வி அத்தை வேலையிலிருந்து வருவதற்கே ஏழரை ஆகும்.

மாஹிரா ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். “மாமா, மணி ஆறு நாப்பது.” பதில் இல்லை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். குறட்டை புரண்டு படுத்தது, அவ்வளவுதான்.

அவள் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். அதில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆபத்து நேரத்தில் மட்டும் அழுத்தவும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. இதைவிடப் பெரிய ஆபத்து இந்தத் தெருவில் இன்று வரப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அழுத்தினாள்.

“உய்ய்ங்... உய்ய்ங்...”

கதவு படாரென்று திறந்தது. கலியன் மாமா ஒரு காதில் பஞ்சோடு நின்றார்.

“இன்னா பாப்பா, அஞ்சரை ஆயிடுச்சா?”

“ஆறு நாப்பது மாமா. கெளம்புங்க.”

வேன் வந்து ஹாரன் அடித்தபோது மாமா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே ஓடினார். ஆனால் அவர் கண்கள் இரண்டும் தெளிவாக இருந்தன. படியில் ஏறும்போது திரும்பி, கட்டுப் போட்ட கையை ஆட்டினார்.

மறுநாள் காலை அவர் மதில் ஓரமாக வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“பத்து நாளு தூக்கத்த ஒரே நாள்ல தூங்கிட்டேன் பாப்பா. ராத்திரி ஒரு கொட்டாவிகூட வரல. ஆனா ஒரு சின்ன பேஜாரு. டைம்பீஸ் வச்சா தூக்கத்துலயே அமுக்கிடறேன். ஒங்க கார் சத்தத்துக்குத்தான் ஒடம்பு பழகிக்கீது. அதனால...”

“அதனால?”

“சாயந்தரம் அஞ்சரைக்கு மட்டும் அது ஒரு தபா கத்துமா?”

அன்று ஐந்தரைக்குச் சரியாக, வாப்பா கிளம்புவதற்கு முன் மாஹிரா வாசலில் வந்து நின்று சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கார் இரண்டே இரண்டு உய்ய்ங் போட்டது. பக்கத்து வீட்டிலிருந்து, “எழுந்துட்டேன் பாப்பா” என்று குரல் வந்தது. மாஹிரா மறுபடியும் அழுத்த, கார் வாயை மூடிக்கொண்டது.