படகு வண்டியில் மணல்

காலை 9.10. சேலத்தில் என்ஜினைப் பழுதுபார்த்துக்கொண்டு பரமத்தி வேலூருக்குத் திரும்பிய மீட்புப் படகின் டிரெய்லர், புதுச்சத்திரத்தைத் தாண்டுமுன் பின்பக்க இடது டயரைப் பறிகொடுத்தது. வாங்கி நான்கே மாதமான அந்த டயர், உள்ளிருந்த கம்பிகள் வெளித்தெரிய, சாலையோரப் புளியமரத்தடியில் பிணம்போலக் கிடந்தது.

10.05. வீல் அலைன்மெண்ட் பட்டறை நடத்தும் சத்யபிரியா அங்கு வந்து சேர்ந்தபோது, விசாரணை முடிந்து தீர்ப்பே தயாராகியிருந்தது. தீர்ப்பளித்தவர் மருதாசலம். ஆற்றங்கரை விவசாயிகள் கமிட்டி அமைத்து வாங்கிய அந்தப் படகுக்குப் பொறுப்பாளர். செய்தி கேட்டுக் காரில் விரைந்து வந்திருந்த அவர் கையில், காவல் நிலையத்துக்கான புகார் மனு இருந்தது. எதிரே, டிரெய்லரை இழுத்து வந்த ஜீப்பின் சாவியைப் பறிகொடுத்து நின்றார் ஓட்டுநர் குணசீலன்.

"அம்மிணி, நீ ஒண்ணும் மெனக்கெட வேண்டாம். பாரம் ஏத்துனதுனால டயர் போச்சுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடு. மனுவோட சேத்து வெச்சர்லாம்."

"என்ன பாரமுங்க ஐயா?"

"மணலு. படகை ஆத்துல உட்டுப்போட்டு, வெறும் வண்டியில மணல் ஓட்டிருக்கறான். நாப்பது வருசம் லாரி வெச்சிருந்தவன் நானு. டயரைப் பாத்தாத் தெரியாதா?"

எழுதித் தருவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் மணல் திருட்டு வழக்கு என்றால் குணசீலனின் லைசென்ஸ் போகும். லைசென்ஸுக்கு முன்னால் மானம் போகும். சத்யபிரியா பேனாவை எடுக்கவில்லை. டார்ச்சை எடுத்தாள்.

இறந்த டயரில் உள்விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது. வெளிவிளிம்பின் பள்ளங்கள் அப்படியே இருந்தன. வண்டியைச் சுற்றி வந்து பின்பக்க வலது டயரைத் தடவினாள். அங்கே தேய்ந்திருந்தது வெளிவிளிம்பு. முன் அச்சின் இரு டயர்களும் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தன. குனிந்து அடியில் வெளிச்சம் அடித்தாள். பின் அச்சைத் தாங்கும் இரும்புப் பட்டைகளின் அடுக்கில் மூன்று துருவேறியிருந்தன. ஒன்று மட்டும் கருநீலமாகப் பளபளத்தது.

"காத்து எப்பப் பாப்பீங்க?"

"வெள்ளிக்கெழமை தவறாதுங்க," என்றார் குணசீலன்.

"ஓட்டறப்ப ஏதாச்சும் வித்தியாசம்?"

"மூணு மாசமா, பின்னால எதையோ இழுத்துட்டு வர்ற மாதிரியே இருக்குதுங்க. ஐயாகிட்டக் கூடச் சொன்னனுங்க."

"மணலை இழுத்துட்டு வந்தா அப்படித்தாண்டா இருக்கும்," என்றார் மருதாசலம்.

"அந்த மூணு மாசத்துக்கு முன்னால டிரெய்லருக்கு ஏதாச்சும் ரிப்பேர் பண்ணுனீங்களா?" என்று குணசீலனிடமே கேட்டாள் சத்யபிரியா.

"தெரியலீங்க. அப்ப தங்கச்சி கண்ணாலத்துக்கு ஆத்தூர் போயிட்டேன். பத்து நாளு நான் ஊர்லயே இல்லீங்க."

மருதாசலம் பொறுமை இழந்தார். டிரெய்லரின் வால்சட்டத்தைத் துழாவி, ஒரு பிடி ஆற்றுமணலை அள்ளி நீட்டினார். "அப்ப இதென்ன அம்மிணி, சக்கரையா?"

சத்யபிரியா முன்சட்டத்தைத் துழாவினாள். தூசிதான் ஒட்டியது. "முன்னால ஒரு பொடி மணல் கூட இல்லீங்களே. படகை எறக்கறப்ப டிரெய்லரு ஆத்துக்குள்ள எப்படிங்க போகும்?"

"பின்பக்கமாத்தான்... வாலுதான் மொதல்ல முங்கும்," என்ற மருதாசலத்தின் குரலில் சற்றே சுருதி இறங்கிற்று.

10.40. அவள் ஒரு கயிற்றை எடுத்தாள். இடப்பக்கத்தில், முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை நீட்டி ஒரு முடிச்சுப் போட்டாள். அதே கயிற்றை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். முடிச்சு பின்சக்கரத்தின் நடுவைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"ஐயா, ஓவர்லோடு ஏத்துனா அச்சு நடுவுல தொங்கும். ரெண்டு டயரும் உள்பக்கந்தான் தேயோணும். காத்துக் கம்மின்னா ஒவ்வொரு டயர்லயும் ரெண்டு ஓரமும் தேயும். இங்க இடதுல உள்பக்கம், வலதுல வெளிப்பக்கம்."

"அதத்தான் நானும் பாத்தனே. கண்டபடி தேஞ்சிருக்குது."

"கண்டபடி இல்லீங்க. பின்னால நின்னு பாருங்க. இடது டயரோட உள்விளிம்பும் வலது டயரோட வெளிவிளிம்பும் எந்தக் கைப்பக்கம் இருக்குது?"

மருதாசலம் நின்று பார்த்தார். "ரெண்டுமே சோத்தாங்கைப் பக்கம்."

"முன்சக்கரம் நேராப் போகுது, பின்சக்கரம் ரெண்டும் இடதுபக்கம் திரும்பப் பாக்குது. அதனால மைல் கணக்கா ரோட்டுல ஒராஞ்சிருக்குது. அச்சோட இடது முனை பின்னால நகந்திருக்குதுங்க. பட்டைகளைக் கோக்கற போல்ட்டோட தலை, அச்சு மேல இருக்கற குழியில உக்காரோணும். அது உக்காரல. பட்டையைக் கழட்டி மாட்டுனவங்கதான் இதுக்குக் காரணம். ஒரு பட்டை மட்டும் புதுசா மின்னுதே, அதைச் சேத்தது யாருங்க?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது. மருதாசலம் தோள்துண்டை எடுத்து, வியர்க்காத முகத்தைத் துடைத்தார்.

"நாந்தான். இவன் ஆத்தூர் போயிருந்தப்ப... பின்னால என்ஜின் தொங்குதே, தாங்கோணுமேன்னு தெரிஞ்ச பட்டறையில உட்டுச் சேத்தேன். புது லாரி எடுத்தா மொதல் வேலையே ஒரு பட்டை சேக்கறதுதானே நம்ம பழக்கம்?"

"இது லாரி இல்லீங்களே ஐயா. படகு."

குணசீலன் விட்ட பெருமூச்சு மூன்று மாதப் பாரத்தை இறக்கிவைத்தது போல் இருந்தது.

11.50. கூடுதல் பட்டை கழன்றது. ஜாக்கியில் தூக்கிய அச்சைக் கடப்பாரையால் நெம்ப, போல்ட்டின் தலை குழிக்குள் 'டக்'கென்று விழுந்தது. ஸ்டெப்னி ஏறியது. மறுபடி அளந்து போட்ட முடிச்சு இப்போது இரு பக்கமும் நடுவிலேயே நின்றது.

மருதாசலம் புகார் மனுவை நான்காகக் கிழித்தார். சாவியைக் குணசீலனின் கையில் வைத்து, அந்தக் கையைச் சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தார். பிறகு சத்யபிரியாவிடம் திரும்பினார்.

"அந்தக் காயிதம் எனக்கு வேணும் அம்மிணி. கமிட்டியில இவன் பேரை நாந்தான் கெடுத்து வெச்சிருக்கறேன்."

அவள் எழுதினாள்: அச்சு இடம் பெயர்ந்ததால் டயர்கள் தேய்ந்தன, ஓட்டுநர்மீது தவறில்லை.

மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். முகம் சுளித்தார்.

"இது பத்தாது. பட்டை சேத்தது யாருன்னு எழுதலையே?"

"வேண்டாமுங்க ஐயா," என்றார் குணசீலன்.

"நீ சும்மா இருடா." காகிதத்தை அவளிடமே நீட்டினார். "மருதாசலம்னு முழுப்பேரும் எழுது சாமி. நாப்பது வருச லாரிக்காரன்னும் சேத்து எழுது."