பதினோராவது டிராக்

“...அட்டையில பத்துதான போட்டிருக்கு. பெறகு கடைசியா ஒண்ணு ஓடுதே, அது யாரு வாசிச்சதுண்ணே?”

பாண்டியராஜ் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுப்பு வாய்க்குள் விறகைத் தள்ளினான். “எந்த அட்டையச் சொல்ற, அனுசியா?”

“உங்க சிடிதான். வெளிநாட்டுலருந்து பார்சல் வந்திருக்கு. மலைக்குத் தபால் ஏறாதுன்னு எப்பவும் நம்ம வீட்டு வெலாசத்தத்தான குடுப்பீக. மறந்து போச்சாக்கும்?”

மறந்துதான் போயிருந்தது. எஸ்டேட்டில் இருப்பவர்களுக்குத் தபால் எல்லாம் போடியில் யாராவது ஒருவர் வீட்டுக்குத்தான் வரும். பத்து வருடப் பழக்கத்தில், கிதார்ப் பதிவை அனுப்பும் படிவத்தை நிரப்பும்போது அவன் விரல்கள் தாமாகவே அனுசியாவின் அண்ணன் சின்ராசு வீட்டு விலாசத்தைத் தட்டியிருந்தன.

“மூணாவதுக்கு நேரா உங்க பேரு இருக்கு. அது எங்கண்ணன் வாசிச்சது.”

“நாந்தான் வாசிச்சேன்.”

“நீங்க வாசிச்சா எங்க வீட்டு எருமை பால் கறக்க விடாது. எனக்குத் தெரியாதா?” சிரிப்பே இல்லாமல் சொன்னாள். “சரி, அது கெடக்கட்டும். பதினொண்ணாவதுல கிதாரே இல்லண்ணே. யாரோ கதவத் தட்டுறாக. மாப்ளே, மாப்ளேன்னு கூப்புடுறாக.”

விறகு கையிலிருந்து நழுவியது.

“ஒங்கண்ணன் குரலா?” கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது.

“எங்கண்ணன் குரல் எனக்குத் தெரியாதா? இது அது இல்லண்ணே. இது...”

இணைப்பு அறுந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கி, காய் உலர்த்தும் ஸ்டோரின் தகரக் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பனி இறங்கிவிட்டால் போடிமெட்டுச் சரிவில் சிக்னல் நிற்காது.

ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. அதன் கதவு திறந்து கிடந்தால், அந்தப் பக்கமாகப் போகிறவர் யாராக இருந்தாலும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் நகர்வார். உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. சூடு வெளியேறினால் காயின் பச்சை வெளுத்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் பாண்டியராஜும் அதைத்தான் செய்தான். தாழ்ப்பாளைப் போட்டான், வெளியே இருந்த அடுப்பை மூட்டினான், முக்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர்கள் வருடா வருடம் வெளியிடும் மெட்டல் கிதார்த் தொகுப்பு, அந்த வருடத்தது. பாடுவதற்கு ஆள் கிடையாது, கிதார் மட்டும். பத்து டிராக்கையும் முழுச் சத்தத்தில், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு முடித்தான். பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினான்.

உள்ளே சின்ராசு இருந்தான். காய் பரப்பிய தட்டுகள் எதிரொலியைத் தின்றுவிடும் என்று, அவன் அந்த அறையில்தான் கிதாரைப் பதிவு செய்வான். புகைக்குழாயில் ஓட்டை இருந்தது; கதவைத் திறந்தபோது அவனுக்கு மூச்சு இல்லை.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றான் பாண்டியராஜ். ஊர் நம்பியது. பதிவுக்கருவி மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருந்தது. முதல் நான்கு நிமிடம் இசை. அதற்குப் பின்னால் இருந்ததை அவன் கேட்கவே இல்லை. வெட்டி அழித்தான். நான்கு நிமிடத்தை அதே தொகுப்புக்காரர்களுக்குத் தன் பெயரில் அனுப்பினான்.

அழித்தது எப்படித் திரும்பி வரும்? தானே வெட்டினானே. அனுசியா அதைத் தேவாரத்தில் இருக்கும் அவள் மாமனிடம் போட்டுக் காட்டினால்? ஊரே கேட்டால்?

இந்தப் புதுத் தொகுப்பு அவன் கைப்பேசியிலும் இருந்தது. திரையைத் தள்ளிப் பார்த்தான். பத்துதான். ஆனாலும் ஹெட்போனை மாட்டி, பத்தாவதை ஓடவிட்டான். தட்டுகளைத் திருப்பிப் போடும் நேரமும் வந்துவிட்டது. அன்றிலிருந்து செய்வதுபோலவே கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு பெரிய கல்லை அண்டைகொடுத்துவிட்டு உள்ளே போனான். உலர்ந்துகொண்டிருக்கும் காயின் இனிப்பும் காரமும் கலந்த நெடி மூக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்கியது. தட்டுகள் அடுக்கடுக்காக இருட்டுக்குள் போயின. காதுக்குள் கிதார் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறி, உச்சியில் நின்று, மெல்ல அடங்கியது.

நின்றுவிடும் என்று காத்திருந்தான்.

நிற்கவில்லை.

விறகு வெடிக்கும் சத்தம். கூரையில் பனி சொட்டும் சத்தம். பிறகு, சிமென்டுத் தரையில் ஏதோ கனமாக இழுபடும் சத்தம். மெதுவாக. கல் இழுபடுவது போல.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

சத்தம் நிற்கவில்லை.

திரும்பினான். கதவின் இடுக்கில் நூல் போலத் தெரிந்த வெளிச்சம் மெலிந்தது. போய்விட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஹெட்போனுக்காகத் தரையைத் துழாவினான். இல்லை. சட்டைப்பையில் கைப்பேசி இல்லை.

புகை வந்தது. கண்ணில் அல்ல, முதலில் நாக்கில்.

கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி, சூடு பார்ப்பதற்கு. அதில் முகத்தை அழுத்தினான். அடுப்பின் சிவப்பு வெளிச்சம். அவனுடைய முக்காலி. முக்காலியில் ஒருவன், முதுகு காட்டி. காதில் ஹெட்போன். தலை ஆடிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும், தாளம் தப்பாமல். பாதம் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

பாண்டியராஜ் கதவை அடித்தான். கையால். முழங்கையால். நெற்றியால்.

தலை ஆடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அனுசியா சொல்ல வந்தது யாருடைய குரல் என்று புரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தான். புகை பல்லைப் பிரித்தது.

“மாப்ளே,” என்றான். “மாப்ளே சின்ராசு, கதவத் தொறடா.”