பிழை பூச்சியமாகும் வரை

அமைதியைக் கொடுத்தால் அமைதிதான் திரும்பி வரவேண்டும். துஷாந்தினியின் கணினி ஏழு அடிகளைத் திருப்பிக் கொடுத்தது.

சுருவிலில் அவளுடைய வீட்டின் பின்னறையில், கரையில் அழுகும் சாதாளைக் கடற்புல்லின் நாற்றம் ஜன்னலால் வந்து ஆம்பிளிஃபயரின் சூடேறிய கண்ணாடி வால்வுகளின் தூசி மணத்தோடு கலக்க, அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பவும் கேட்டாள். பழைய ஆம்பிளிஃபயர்களைக் கணினிக்குள் நகலெடுப்பது அவளுடைய தொழில். பெட்டிக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, வெளியே வருவதைப் பதிந்து, இரண்டையும் காட்டிக்கொண்டே இருந்தால் கணினி அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கப் பழகிவிடும். நடிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி திரையில் ஓர் எண்ணாக நிற்கும். அதற்குப் பெயர் பிழை. அந்த எண் இறங்கினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும் என்று கணவன் சஞ்சீவன் பகிடி பண்ணுவான்.

இந்தப் பெட்டி நெடுந்தீவு அம்புறோஸிடமிருந்து வந்தது. இருபது வருடமாக அதை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு தீவெல்லாம் மரண அறிவித்தல் சொன்னவர். போன வருடம் அவருடைய மனைவி மார்கிரட்டை மாடு இடித்துக் கொன்றபோதும் அறிவித்தலை அவரே சொன்னாராம், குரல் உடையாமல். பாவம் மனுசன் என்று எல்லோரையும் போல அவளும் நினைத்திருந்தாள்.

அதில் ஒரு வால்வு பழுது. பக்கத்தில் எதையாவது தட்டினால் அந்தத் தட்டைப் பெட்டி கேட்டுவிடும், ஒலிவாங்கியே தேவையில்லை. ஆனால் பதிவு செய்த நேரம் அவள் எதையும் தட்டவில்லை. பெட்டியின் பழக்கவழக்கம் தெரிந்த ஆளிடமே கேட்டுவிடுவது அவளுடைய வழக்கம். காலையிலேயே போன் எடுத்தாள்.

“அண்ணை, இந்தப் பெட்டிக்குக் கிட்ட எப்பவாவது எதையாவது போட்டு அடிச்சனீங்களோ? ஏழு அடி கேக்குது. இடையில ஒரு பொம்பிளை கத்துற மாதிரியும் கிடக்கு.”

காற்றிரைச்சலோடு அம்புறோஸின் குரல் வந்தது.

“ஏழோ?”

“ஓம் அண்ணை. எண்ணிப் பாத்தனான்.”

“ஆருக்கும் போட்டுக் காட்டினனீரோ?”

“இல்லை.”

“மத்தியானப் படகில வாறன். வந்து திருத்தித் தாறன்.”

நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

மூன்றரை வரை பிழை இறங்கவேயில்லை. 0.41. ஆம்பிளிஃபயரையும் நகலையும் பக்கத்துப் பக்கமாக ஓடவிட்டாள். இரண்டுக்கும் ஒரே அமைதியைக் கொடுத்தாள். பெட்டி அமைதியையே திருப்பித் தந்தது; நகலில் அடிகளுக்கு முன்னால் ஏதோ மெல்லியதாகக் கிடந்தது. சத்தத்தைக் கூட்டினாள். தூரத்தில் ஒரு பாட்டு, தகரக் குரலில், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப. ரொட்டி விற்கும் பாண்காரனின் ஓட்டோ. நாள்தோறும் நாலு மணிக்கு அவள் வீட்டு ஒழுங்கையால் போகும் அதே ஓட்டோ. அதன் பிறகு ஒரு வேலிப் படலை கிறீச்சிட்டது, நடுவில் ஒருமுறை தடக்கி. அந்தத் தடக்கலை அவளுக்குத் தெரியும். பிணைச்சல் உடைந்த இடத்தில் சஞ்சீவன் வலைக் கயிறு போட்டுக் கட்டிய படலை அது.

முதல் அடிக்குப் பிறகு பெண் குரல் வந்தது. “அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

செத்துப்போன மார்கிரட்டோ என்று ஒரு கணம் நினைத்தாள், இல்லை. தன் குரலைப் பதிவில் கேட்கும்போது எப்போதும் வரும் கூச்சம் அவளுக்கு இப்போதும் வந்தது. பிறகுதான் பயம் வந்தது. சஞ்சீவனுக்குப் போன் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை.

வெளியே, தூரத்தில், பாண்காரனின் பாட்டு தொடங்கியது.

ஹெட்போனிலும் அதே பாட்டு. நகல் தானாகவே முதலிலிருந்து தொடங்கியிருந்தது. பெட்டியின் பழுது வால்வு இப்போது ஒழுங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிழை 0.20.

ஓடிப்போய் முன்கதவுக்குக் கொண்டி போட்டாள். படலை கிறீச்சிட்டது. நடுவில் தடக்கியது. செருப்புச் சத்தம் முன்பக்கம் வரவில்லை. வீட்டைச் சுற்றிப் போனது.

பின்பக்கக் குசினிக் கதவு.

திறந்தே கிடந்தது.

பின்னறைக்கு ஓடினாள். பெட்டியை நிறுத்தினால் போதும். அது கேட்காவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. பிளக்கைப் பிடித்தாள்.

சுத்தியல் அவள் விரல்களில் விழுந்தது. எலும்புகள் உடையும் சத்தம் காதிலும் கீழே விழுந்த ஹெட்போனிலும் ஒன்றாகக் கேட்டது. 0.06.

“அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

வாய் தானாகச் சொன்னது. அப்படிச் சொல்லக்கூடாது என்று தெரிந்துகொண்டே சொன்னது.

அம்புறோஸ் வேர்வையைத் துடைத்தார். அறிவித்தல் சொல்லும் அதே நிதானக் குரல். “மார்கிரட்டை அடிச்ச அண்டைக்கு நான் எண்ணேல்லைப் பிள்ளை. ஏழு எண்டு நீர்தானே சொன்னனீர்.”

இரண்டாவது முழங்காலில். மூன்றாவது, தோளில். வாய்க்குள் இரத்தம் உப்பாக நிறைந்தது. தவழ்ந்தாள். நாலு. பல் ஒன்று தரையில் உருண்டது. ஒவ்வொரு அடிக்கும் வால்வு ஒருமுறை மின்னியது. ஐந்து. ஒரு கண்ணில் சிவப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

மற்றக் கண்ணுக்குத் திரை தெரிந்தது.

0.01.

ஆறு.

0.00.

கீழே கிடந்த ஹெட்போனில் அவளுடைய மூச்சு இழுபட்டது. அவளிடமும் அதே மூச்சு, அதே நேரம், அதே நீளம். அவர் சுத்தியலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார்.