மேட்டில் ஏறிய பந்து

பந்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

யாரும் அதை அடிக்கவில்லை. சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி அதைப் புல்லின் மேல் வைத்தாள், அவ்வளவுதான். பந்து ஒரு கணம் நின்றது. பிறகு சத்தமில்லாமல் உருண்டு, மேலே சாய்ந்து நின்ற மரங்களை நோக்கிப் போனது.

"அங்க என்னமோ இருக்கு பாப்பா. கூப்பிடுது," என்றார் புல்வெட்டும் மாமா.

சுண்டெலியின் அம்மா முன்பு கோல்ஃப் போட்டிகளில் ஆடியவர். பிறகு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். இப்போது முதல்முறையாக ஒரு மைதானத்தையே வடிவமைத்திருந்தார். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது இந்த மேட்டோடு சேர்ந்த ஏழாவது குழிதான்.

"இந்தப் பேய்ப் பேச்சு முதலாளி காதுக்குப் போயிடுச்சு," என்றார் அம்மா. "நாளைக்கு இதை இடிச்சுடச் சொல்லிட்டார்."

"நீ அளந்து பார்த்தியாம்மா?"

"பார்த்தேன். கருவி இதைப் பள்ளம்னு காட்டுது. கண்ணு முன்னாடி மேடு நிக்குதே. கருவிதான் கெட்டிருக்கணும்."

சுண்டெலி பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீரும் மெலிந்த பாம்புபோல நெளிந்து மேலே ஏறியது. மரங்களுக்கிடையே பனிமூட்டம் இறங்கியது.

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றார் மாமா.

"நீங்க போயிட்டா நான் யார் பின்னாடி ஒளியறது?" என்ற சுண்டெலி, செருப்பைக் கழற்றினாள்.

"என்னடி பண்றே?"

"சரிவு புரியலைன்னா கண்ணை மூடிட்டுப் பாதத்தைக் கேளுன்னு நீதானே வகுப்புல சொல்லுவே."

கண்ணை மூடி நடந்தாள். புல் சில்லிட்டது. எதிரே ஒரு கிளை முனகியது. ஆனால் உடம்பின் பாரமெல்லாம் கால்விரல்களுக்குத்தான் போனது.

"அம்மா, நான் ஏறலை. இறங்கறேன்."

அம்மாவும் கண்ணை மூடி நடந்து பார்த்தார். சிரித்துவிட்டார். "மரமெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு. பின்னாடி குன்று வேற. ரெண்டும் சேர்ந்து நம்ம கண்ணை ஏமாத்தியிருக்கு."

மறுநாள் காலை முதலாளியும் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி நடந்தார், திறந்தார், மறுபடி மூடினார்.

"இதை யாரும் தொடக் கூடாது," என்றார் கடைசியில். "இந்த மாதிரி ஒரு குழி வேற எங்கயும் இருக்காது."

மாமா மட்டும் சுண்டெலியின் காதருகே குனிந்தார். "எல்லாம் சரி பாப்பா. ஆனா சாயங்காலம் நான் இங்க தனியா புல்லு வெட்ட மாட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து மெல்ல மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. சுண்டெலி அதை அவரிடம் சொல்லவில்லை.