அப்பாவின் கடைவாய்ப் பல்

கோட்டயத்துக்கு லாரியில் முட்டை ஏற்றிப் போய்த் திரும்பும்போதெல்லாம், புதுச்சத்திரம் எல்லையிலேயே பாவாயியின் அப்பா சின்னுசாமி நீளமாக ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் பாவாயி ரோட்டுக்கு ஓடுவாள். அந்த வெள்ளிக்கிழமை மாலை ஹாரன் கேட்கவில்லை. லாரி மட்டும் வந்து வீட்டு முன்னால் நின்றது.

அப்பா மெதுவாக இறங்கினார். தாடைக்குக் கீழே துண்டைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். இடது கன்னம், ஒரு முட்டையை உள்ளே அடக்கி வைத்தது போல உப்பியிருந்தது.

"என்னாச்சுங்கப்பா?"

"பல்லு, அம்மிணி," என்றார் அவர். அதற்கு மேல் வாய் திறக்க முடியவில்லை.

அம்மா சாலம்மாள் தம்பியைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கக் கொடுத்தாள். கிராம்பைத் தட்டி, வலிக்கிற பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, பப்பாளித் தண்டு வழியாகப் புகையைப் பிடிக்கச் சொன்னாள்.

"உள்ள இருக்கற புழுவெல்லாம் வெளிய வந்துருமுங்க," என்றாள்.

அப்பா புகையை இழுத்தார். புழு வரவில்லை. இருமல்தான் வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

கிராம்பு கொஞ்சம் வேலை செய்தது. வலி அடங்கி அப்பா கண்ணயர்ந்தார். ஆனால் பாவாயிக்கு மனசு சரியில்லை. போன மாதம் அவள் பள்ளிக்கூடத்துக்கு நாமக்கல்லிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா வந்திருந்தார். பெயர் சௌந்திரம். எல்லாப் பிள்ளைகளின் வாயையும் டார்ச் லைட் அடித்துப் பார்த்தார். கடைசியில் அவர் சொன்னது பாவாயிக்கு நன்றாக நினைவிருந்தது.

"பல்லு வலியோட கன்னமும் வீங்கி, காய்ச்சலும் வந்துச்சுன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட வந்துரோணும். வாய் திறக்க முடியலைன்னா ஒரு நிமிசம்கூட உக்காந்திருக்கக் கூடாது. என்ன, தெரிஞ்சுதா?"

அப்பாவின் நெற்றியைப் பாவாயி தொட்டுப் பார்த்தாள். லேசாகச் சுட்டது.

மறுநாள் காலையில் வீக்கம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. கஞ்சியைக்கூட அப்பாவால் விழுங்க முடியவில்லை. உதட்டோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நாமக்கல்லுக்குப் போலாமுங்கப்பா. பல் டாக்டரம்மா இருக்காங்க," என்றாள் பாவாயி.

"டாக்டரெல்லாம் வேண்டாம்." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ சென்னிமலை பட்டறைக்குப் போ. நான் கேட்டன்னு சொல்லு. ஒரு சீசா குடுப்பான்."

சென்னிமலை லாரிகளுக்கு பேட்டரி பார்ப்பவர். அப்பாவின் சிநேகிதர். பாவாயி போனதும் ஒரு சின்ன மருந்து சீசாவில் தண்ணீர் போன்ற ஒன்றை ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி அடைத்துக் கொடுத்தார்.

"இது என்னதுங்க மாமா?"

"பேட்டரித் தண்ணி, சாமி. பஞ்சுல தொட்டுப் பல்லுல வெச்சா வலி அப்பிடியே செத்துப் போயிரும். எங்க ஊர்ல ஒருத்தர் வெச்சாராம்."

"அவருக்குச் சரியாப் போச்சுங்களா?"

சென்னிமலை தலையைச் சொறிந்தார். "அதை நான் கேக்கலியே."

பாவாயி சீசாவைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். காகித அடைப்பு நனைந்து, ஒரு சொட்டு அவள் விரலில் வழிந்தது. சுரீர் என்று எரிந்தது. ரோட்டோரக் குழாயில் நெடுநேரம் கையைக் கழுவினாள். பாவாடையிலும் ஈரம் பட்டிருந்தது. அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டை நெருங்கும்போதுதான் பார்த்தாள். ஈரம் பட்ட இடத்தில் துணி நைந்து, விரலால் தொட்டதும் ஓட்டை விழுந்தது.

அப்பா பஞ்சோடு தயாராக உட்கார்ந்திருந்தார். கை நீட்டினார். பாவாயி சீசாவைத் தரவில்லை.

"குடு, அம்மிணி."

"மாட்டனுங்கப்பா."

"குடுன்னு சொல்றனில்ல!" அப்பாவின் குரல் உயர்ந்தது. அவர் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. தொட்டிலில் தம்பி விழித்து அழுதான்.

பாவாயி வாசலுக்கு ஓடி, வெள்ளையடிக்க வாங்கிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கல்லின் மேல் சீசாவைக் கவிழ்த்தாள்.

சுர்ர்ர்ர் என்று கல் நுரைத்துப் பொங்கியது.

அப்பா ஓங்கிய கையோடு வாசற்படியில் நின்றார். நுரையைப் பார்த்தார். பாவாயி பாவாடையை விரித்து ஓட்டையைக் காட்டினாள்.

"கல்லும் துணியும் இப்பிடி ஆகுதுங்க. உங்க வாய் என்னத்துக்கு ஆகும்?"

அப்பா கையை இறக்கினார். உள்ளே போய் உட்கார்ந்தார். அம்மா பாவாயியைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மதியம் லாரியில் முட்டை ஏற்றினார்கள். பண்ணை ஆட்கள் முட்டை அட்டைகளை அடுக்கிக் கயிறு கட்டி முடித்தபோது, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இந்தக் காய்ச்சலோட எப்பிடிங்க வண்டி ஓட்டுவீங்க?" என்று அம்மா மறித்தாள். "குமுளி மலையில ஏறோணுமே!"

"முட்டை ஏத்தியாச்சு. வெயில்ல நின்னாக் கெட்டுப் போயிரும். நான் போயித்தான் ஆகோணும்."

பாவாயி யோசித்தாள். அழுதாலும் அப்பா நிற்க மாட்டார். ஆனால் கோட்டயம் போகிற லாரி நாமக்கல் வழியாகத்தானே போக வேண்டும்?

"நாமக்கல் வரைக்கும் நானும் வாரனுங்கப்பா," என்றாள்.

"அங்க உனக்கு என்ன வேலை?"

"உங்களுக்குத் துணைக்குத்தானுங்க."

மறுத்துப் பேச அப்பாவுக்கு வாய் ஒத்துழைக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார். அம்மா ஜன்னல் பக்கம் வந்து, "பாத்துக்க, சாமி," என்றாள். அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. பாவாயியிடம்தான் சொன்னாள்.

லாரி புறப்பட்டது. அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். மறு கை கன்னத்தைத் தாங்கியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அவர் உடம்பு விறைத்தது. நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. கண்கள் அடிக்கடி செருகின.

"அப்பா!"

"ம்."

"எதுத்தாப்புல பஸ் வருதுங்கப்பா!"

"தெரியுது."

ஆனால் லாரி நடு ரோட்டிலேயே போனது. பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பஸ்ஸின் முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அப்பா! ஒதுங்குங்கப்பா!"

அப்பா திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு உரசுகிற மாதிரி கடந்தது. லாரி ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் குலுங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது. பின்னால் முட்டைகள் நொறுங்கும் சத்தம் கேட்டது.

என்ஜின் மட்டும் உறுமியது. அப்பா அதை அணைத்தார்.

"உனக்கு எங்கியாச்சும் அடிபட்டுதா, கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அப்பா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்தார். பாவாயி அவர் முதுகில் கை வைத்தாள். சட்டைக்கு மேலேயே கொதித்தது.

"அப்பா, டாக்டர்கிட்டப் போறதுன்னா பயமுங்களா?"

அவர் பாதி மூடிய வாயோடு மெல்லச் சொன்னார்.

"உன் வயசுல எனக்குப் பல்லு வலி வந்துச்சு. நாமகிரிப்பேட்டைச் சந்தையில ஒருத்தன் குறடு வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். எங்கப்பன் கூட்டிக்கிட்டுப் போனாரு. நாலு பேரு கையையும் காலையும் புடிச்சுக்கிட்டாங்க. மரத்துப் போக மருந்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் கத்துன கத்து சந்தைக்கே கேட்டுது."

"பல்லை எடுத்துட்டாங்களா?"

"எடுத்தான். வலிச்ச பல்லை உட்டுப்போட்டு பக்கத்துப் பல்லை."

பாவாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? மறுபடியும் உக்கார வெச்சாங்க. அன்னையிலிருந்து குறடைக் கண்டாலே நான் எந்திரிச்சு ஓடிருவன். வெளிய சொன்னா டிரைவருங்க சிரிப்பாங்க."

மலைப்பாதையில் யானை மறித்தாலும் அசையாத அப்பா இவர். அவருக்குள் இப்படி ஒரு சின்னப் பையன் இத்தனை வருடம் பயந்துகொண்டே இருந்திருக்கிறானே என்று பாவாயிக்கு வருத்தமாக இருந்தது.

"டாக்டரம்மா யாரையும் அமுக்கிப் புடிக்க மாட்டாங்க," என்றாள். "எங்க பள்ளிக்கூடத்துல ராசுவுக்கு ஆட்டம் கண்ட பல்லை எடுத்தாங்க. மரத்துப் போற மருந்து தடவுனாங்க. எடுத்தது தெரியாம அவன் வாயைத் தொறந்துக்கிட்டே உக்காந்திருந்தான். நான் உங்க கையைப் புடிச்சுக்கறன். போதுமுன்னு நீங்க சொன்னா வெளிய வந்துரலாம். சரிங்களா?"

"முட்டை?"

"முதலாளிகிட்ட நானே சொல்றன். முட்டை கெட்டா வேற முட்டை வாங்கலாம். வேற அப்பாவுக்கு நாங்க எங்க போறது?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரியை எடுத்தார். நாமக்கல் ஊருக்குள் போய்ச் சேரும் வரை ரோட்டின் ஓரமாக, மாட்டு வண்டி போல ஊர்ந்து போனார். பாவாயி வழியெல்லாம் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா ஆஸ்பத்திரிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பாவாயி லாரி நிற்கும் முன்பே இறங்க முயன்று, அப்பா அதட்டியதால் அது நின்றபின் குதித்து ஓடினாள்.

"டாக்டரம்மா! பூட்டாதீங்க! எங்கப்பாவுக்கு வீக்கம், காய்ச்சல், வாயும் தொறக்க முடியலீங்க!"

சௌந்திரம் டாக்டர் சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். "உள்ளே கூட்டிட்டு வா."

நாற்காலியில் உட்கார்ந்த அப்பாவின் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

"சீழ் கோத்திருக்கு. கழுத்துப் பக்கம் இறங்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சையே அடைச்சிருக்கும். எத்தனை நாளா வலி?"

"தீவாளியிலிருந்துங்க," என்றார் அப்பா.

"அப்பவே வந்திருந்தா சொத்தையைச் சுரண்டி அடைச்சு அனுப்பியிருப்பேன். கிராம்பு வலியைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கும், அவ்வளவுதான். சொத்தையை எடுக்காது." டாக்டர் ஊசியை எடுத்தார். "இப்ப மரத்துப் போக ஊசி போடுறேன். அப்புறம் சின்னதாக் கீறிச் சீழை எடுத்துடலாம். வலிச்சா கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்."

அப்பா உடனே கையைத் தூக்கினார்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே!"

பாவாயி தூக்கிய கையைப் பிடித்து இறக்கி, தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது அப்பா அவள் விரல்களை இறுக்கினார். எலும்பு நொறுங்குவது போல இருந்தது. பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டாள். விடவில்லை.

டாக்டர் என்னென்னவோ செய்தார். பாவாயி அப்பாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். சுருங்கியிருந்த நெற்றி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. இறுக்கிய பிடி தளர்ந்தது.

"முடிஞ்சுது. துப்புங்க," என்றார் டாக்டர்.

அப்பா துப்பினார். ஆச்சரியத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ்வளவுதானுங்களா?"

"இன்னைக்கு அவ்வளவுதான். மாத்திரையை விடாமச் சாப்பிடுங்க. வீக்கம் வத்துனதும் அடுத்த சனிக்கிழமை வாங்க, பல்லை எடுத்துடலாம். அதுவரைக்கும் லாரியைத் தொடக் கூடாது."

டாக்டரின் போனிலிருந்து பாவாயியே முதலாளியிடம் பேசினாள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள், உடைந்த முட்டை உள்பட. முதலாளி, "லாரியை எடுக்கச் சின்னராஜை அனுப்பறன். உங்கப்பனை ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ, சாமி," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவின் பாதி வாய் இன்னும் மரத்திருந்தது. "புதுச்சத்திரம் ரெண்டு டிக்கெட்," என்று அவர் கேட்டது கண்டக்டருக்கு வேறு ஏதோ ஊர்ப் பெயராகக் கேட்டது. பாவாயிதான் திருத்திச் சொன்னாள்.

அடுத்த வாரம் வீக்கம் சுத்தமாக வற்றிவிட்டது. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து பாவாயி வெளியே வந்தபோது, பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எதிர் டீக்கடையில் அவருடைய டிரைவர் கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரி சென்னிமலையும் இருந்தார்.

"என்ன சின்னுசாமி, எங்க பொறப்பாடு?" என்று ஒருவர் கேட்டார்.

"பல்லு எடுக்கப் போறனுங்க," என்றார் அப்பா, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "தனியாப் போகப் பயமா இருக்குது. அதான் எம்புள்ளையைத் துணைக்குக் கூப்பிட வந்தன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சென்னிமலை மட்டும் எழுந்து வந்தார். தன் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டு, பாவாயியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"சாமி, எனக்கும் ஒரு பல்லு கூசுது. நானும் கூட வரட்டுமா?"

பாவாயி ஒரு கையால் அப்பாவையும் மறு கையால் சென்னிமலை மாமாவையும் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள்.