உயிருடன் உள்ளார்

போனை எடுத்த பெண்மணி ஹலோ சொல்லவில்லை. யார் பேசுவது என்றும் கேட்கவில்லை. "இருக்கார்" என்றார். எங்கோ உள்ளறையில் ஒரு இரும்புக் கட்டில் கிறீச்சிடும் சத்தம் மட்டும் போன் வழியே வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

கூப்பிட்டவள் இன்னும் வாயையே திறந்திருக்கவில்லை.

அவள் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், மருந்து ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். நோயாளிகள் எல்லாருக்கும் சிஸ்டர். சிறுநீரகப் புற்றுநோய்க்கு வந்திருக்கும் புது மாத்திரை ஒன்றைப் பழைய மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு அது. மாத்திரை நின்றுபோன பிறகும் ஆய்வு ஆளை விடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போன் போட்டு, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் மூன்று கட்டங்கள் இருக்கும். உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார், தொடர்புகொள்ள முடியவில்லை. ஒன்றில் டிக் அடித்து, பாஸ்வேர்டு போட்டு, தன் கையெழுத்தாக்க வேண்டும். புது மாத்திரை ஆயுளைக் கூட்டுகிறதா என்பதை இந்த டிக்குகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சின்னக் கேள்விதான். கேட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். போன வருடம் ஜனவரியில் வேறொரு ஆய்வுக்காக ஒரு வீட்டில் கேட்டபோது, எடுத்த பெண் முக்கால் மணி நேரம் போனை வைக்காமல் அழுதாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதையே சிஸ்டர் விட்டுவிட்டாள். பிப்ரவரியில் பட்டியல் வந்ததும் ரிசீவரை எடுத்துச் சில நாள் மேஜைமேலேயே கிடத்திவைத்துவிட்டு, எல்லாருக்கும் 'உயிருடன் உள்ளார்' என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனாள். யாராவது போயிருந்தால் தகவல் வராமலா இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களிலும் அதே கதைதான்.

இப்போது ஆய்வு முடிகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குத் தகவல் மொத்தத்தையும் பூட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது, பெரிய டாக்டராலும்தான். அதனால் காலையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள். நல்ல காலம், இருபத்திரண்டு பேர் நிஜமாகவே இருந்தார்கள். பதினேழாம் எண் மட்டும்தான் பாக்கி. ஊரில் துணி தைத்துக்கொண்டிருந்தவர் என்பதால் வார்டில் அவரை டெய்லர் என்பார்கள். ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போதுகூட அவள் சட்டையைப் பார்த்து, இதைத் தைத்தவனைப் பிடித்து உள்ளே போடலாம் என்று கிண்டல் செய்யும் மனிதர்.

ஐயா நல்லா இருக்காரா என்று அவள் கேட்டதற்கு போனை எடுத்த டெய்லரின் மனைவி நேராகப் பதில் சொல்லவில்லை.

"நேர்ல வந்து பாருங்க சிஸ்டர். இன்னிக்கே வாங்க."

வீடு ஆஸ்பத்திரியிலிருந்து கால் மணி நேர நடை. பகல் இரண்டரை மணி, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லாத தெரு. இரண்டாம் மாடியில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் திறந்திருந்தது, எல்லா மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அப்படியும் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. அந்த வாடைக்கு அடியில், நனைந்த துணியைப் பல நாள் மூடி வைத்ததுபோல, கொஞ்சம் தித்திப்பாக இன்னொரு வாடை. இருபது வருட நர்ஸ் அவள். அந்த வாடை எங்கே வரும் என்று தெரியும். வீடுகளில் அது வரக்கூடாது.

டெய்லரின் மனைவி உட்காரச் சொல்லவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார். இறப்புச் சான்றிதழ். முத்திரை, டாக்டர் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. தேதி, போன வருடம் பிப்ரவரி மூன்று.

மனைவி நிதானமாகத்தான் சொன்னார். விடியற்காலையில் போய்விட்டாராம். டாக்டர் வந்து பார்த்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள், எடுத்துப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல இரண்டு நாள் விடாமல் போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை. ஆறு நாள் கழித்து, ஒன்பதாம் தேதி, சாயங்காலம் நாலு மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கட்டில் கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தால் படுத்திருந்தார்.

ஒன்பதாம் தேதி நாலு மணிக்குத் தான் என்ன செய்தோம் என்பது சிஸ்டருக்கு நினைவிருந்தது. பட்டியலில் பதினேழாம் எண்ணுக்கு டிக் அடித்த நேரம் அது.

சாப்பாடில்லை, தூக்கமில்லை என்றார் மனைவி. மூன்று மாதம் ஆகும்போது கண் சொருகி, சத்தம் குறைந்து, மெல்ல அடங்கப் பார்ப்பாராம். அப்பாடா என்று இருக்கும்போது ஒருநாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, சிஸ்டர் கேக்காமலே என்னை இருக்கேன்னு எழுதிட்டாங்க என்பாராம். அந்த நாட்களை மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். மே பத்து, ஆகஸ்ட் எட்டு, நவம்பர் ஏழு. எந்த நாளையும் சிஸ்டர் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

"வலி போகல சிஸ்டர். மத்த எல்லாம் நின்னு போச்சு. கட்டி மட்டும் நிக்கல. அது பாட்டுக்கு வளருது."

உள்ளறை இருட்டாக இல்லை. வெயில் கட்டில்வரை நீண்டிருந்தது. கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெளியே கிடந்த கையைப் பிடித்து நாடி பார்த்தாள். சில்லென்றிருந்தது. விரலை நகர்த்தினாள். இன்னும் அழுத்தினாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஒன்றுமே இல்லை.

அப்போது அந்தக் கை திரும்பி அவள் விரல்களைப் பிடித்தது.

"சிஸ்டர்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "என் பேரை எடுத்துடுங்க."

கையை உருவிக்கொண்டு வெளியே வந்தவளை மனைவி வாசலில் மறித்தார். மிரட்டவில்லை, கும்பிட்டார். உங்கள் தப்பை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அவரைப் போக விடுங்கள் என்றார். சான்றிதழை வாங்கிக்கொண்டு, ஐந்து மணிக்குள் எடுத்துவிடுவதாகச் சிஸ்டர் வாக்குக் கொடுத்தாள். சத்தியமாக அந்த நிமிடம் அதைச் செய்யத்தான் நினைத்தாள்.

நாலே கால் மணிக்குத் தன் மேஜையில் இருந்தாள். சுற்றியிருந்த நாற்காலிகள் காலி, வேலை முடிந்ததென்று மற்றவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டிருந்தார்கள். 'இறந்துவிட்டார்' என்பதைத் தொட்டதும் தேதி கேட்டது. சான்றிதழைப் பார்த்து பிப்ரவரி மூன்று என்று அடித்தாள். அதற்குப் பின் வந்த நான்கு வரிகளும் சிவப்பாக மாறின. செத்த ஆளுக்கு நான்கு முறை உயிர் என்று கையெழுத்து, நான்கிலும் அவள் பெயர். வேலை போகும். நர்ஸ் பதிவு போகும். கேஸ் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களுக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தேதியை அழித்தாள். சிவப்பு போய்விட்டது.

நாலு நாற்பது. நாலு ஐம்பது. இரத்த அழுத்தம் ரொம்பக் குறைந்தால் நாடி கிடைக்காது, எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறாள். பேசினாரே. கையைப் பிடித்தாரே. அப்படியென்றால் இருக்கிறார் என்பதுதானே உண்மை? அவள் எழுதியது பொய்யே இல்லை.

நாலு ஐம்பத்தேழுக்கு 'உயிருடன் உள்ளார்' என்று ஐந்தாம் முறையாக டிக் அடித்தாள். சான்றிதழைக் காகிதம் கிழிக்கும் மிஷினில் விட்டாள். ஐந்து மணிக்கு எல்லா வரிகளும் சாம்பல் நிறமாகி, ஓரத்தில் குட்டிப் பூட்டுகள் வந்து உட்கார்ந்தன. பெருமூச்சு விட்டு, முகம் கழுவி, ஐந்தே கால் மணிக்குப் பையை எடுக்கும்போது போன் அடித்தது.

"எடுத்துட்டீங்களா சிஸ்டர்?"

"எடுத்துட்டேன்மா."

அந்தப் பக்கம் மூச்சிரைத்தது. தெருவின் சத்தம், வண்டிகளின் ஹாரன்.

"சரியா அஞ்சு மணிக்கு எந்திரிச்சார். இன்னிக்கு ஆஸ்பத்திரி நாள்னு சட்டை மாத்திக்கிட்டார். நான் பின்னாலயே ஓடி வந்தேன், பிடிக்க முடியல." அழவில்லை அவர். "உங்க கேட்டுக்குள்ள போயிட்டார்."

பையை மாட்டிக்கொண்டாள். வராந்தாவுக்கு வந்தாள். லிஃப்ட்டின் எண் மாறிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு.

மாடிப்படி லிஃப்ட்டைத் தாண்டித்தான். பின்வாங்கினாள். அறைக்குள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு.

செருப்புச் சத்தம். அவசரமில்லாத நடை. முதலில் பினாயில். பிறகு அதற்கு அடியிலிருந்த வாடை.

கதவு திறந்தது. டெய்லர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. கண்கள் அவள்மேலேயே நின்றன. இமை கொட்டவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

இடது இடுப்பு ஏறி இறங்கியது. அறுவை செய்து சிறுநீரகத்தை எடுத்த இடம். சட்டைக்குள் அது மட்டும் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"கேளுங்க சிஸ்டர்," என்றார் மரியாதையாக.

அவர் காத்திருந்தார். மேஜைமேல் கம்ப்யூட்டர் வெளிச்சம். ஜன்னலில் சாயங்கால வெயில். இடுப்புப் பக்கம் சட்டையின் தையல் ஒன்று விட்டது. ஏறியது. இறங்கியது. இன்னொன்று விட்டது.

"கேளுங்க."