கத்தரிப் பாத்தியில் முகர்வி

முகர்வி நேராகப் போய் சற்குணத்தின் ஆலிவ் தோப்பில், கத்தரிப் பாத்தியில் நின்றது. நாய்க்குட்டி அளவு இயந்திரம்தான். ஆனால் அந்த மலைச்சரிவில் அது எங்கே நின்றாலும் ஊரே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும். மண்ணில் வாடல் பூஞ்சை இருந்தால் மோப்பம் பிடித்துவிடும். நேற்று ஏற்றிய புது நிரலால், அது எந்த மண்ணிலிருந்து பரவியது என்பதையும் சொல்லும்.

"பரவத் தொடங்கிய இடம் இதுதான்" என்றது முகர்வி.

வேர் வழியே ஏறி, மரத்தின் நீரோட்டத்தை அடைத்துக் கொல்லும் பூஞ்சை அது. ஆலிவைப் போலவே கத்தரியையும் பிடிக்கும் என்று படித்தவர்தான் சற்குணம். ஆனாலும் புத்தம்புது ஆலிவ் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய் என்றால் அவருக்கு உயிர். வெளியூர் நாற்றை வாங்கி நட்டார். மிஞ்சியதை மண்ணோடு பக்கத்துத் தோப்பு முத்தரசிக்கும், கேட்ட மற்றவர்களுக்கும் கொடுத்தார்.

போன மாதம் முகர்வி முத்தரசியின் தோப்பில்தான் நின்றது. நோய் கண்ட தோப்பை வேரோடு எரிக்க வேண்டும் என்பது தோப்புக்காரர் சங்கத்தின் தலைவராகச் சற்குணமே கொண்டுவந்த விதி. அவள் ஒரு பருவம் தவணை கேட்டாள். ஊரைக் கெடுத்துவிட்டுத் தவணை வேறா என்று சபையில் சீறியவர் அவர்தான். அவள் தோப்பு எரிந்தது. தான் கொடுத்த நாற்றின் மேல் அவருக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவள் வாசலில் தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரிந்த நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. நீங்களா எந்திரிச்சு சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சாயங்காலம் சபையில் எழுந்து சொன்னார். என் தோப்பை எரித்துவிடுங்கள் என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. நாற்று வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதிப்படி முக்கால்வாசி மலை எரிய வேண்டியிருக்கும். விதியை எடுத்துவிட்டு, கத்தரியைப் பிடுங்கி, மண்ணுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்றார் ஒருவர். முகர்வியையும் பூட்டி வைக்கலாம் என்றார் இன்னொருவர்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. முத்தரசி கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தோப்பில்லாதவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. அன்றைக்குப் போலவே அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்குணத்துக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. அப்போதுதான் கவனித்தார், அவர் கையும் மேலேதான் இருந்தது.